எங்கள் வீட்டு அம்பு

"ஏம்பா, இந்த நாய்க்குச் சோறே போடறதில்லையா?"

கடந்த நான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் மிகச் சிலரே. பால்காரர் கேட்டிருக்கிறார், தபால்காரர் கேட்டிருக்கிறார், வராகீசுவரர் கோயிலுக்கு வந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர் கேட்டதோடு நில்லாமல், தம் பையிலிருந்த வாழைப்பழத்தையும் எடுத்து நீட்டியிருக்கிறார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அம்பைப் பார்ப்பவர் எவரும் அப்படித்தான் எண்ணுவர். விலா எலும்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். கால்கள் மூங்கில் குச்சிகளைப் போல நீண்டு மெலிந்திருக்கும். ஆனால் அந்த மெலிவு பட்டினியால் வந்ததன்று. வேகத்திற்காகவே அமைந்தது என்பதை எத்தனை பேருக்கு நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியும்? ஆகவேதான் இந்த ஆண்டு மலரில் எழுதிவிடுவது என்று துணிந்தேன்.

நாய் என்றதும் நன்றியைப் பற்றி எழுதுவது மரபு. தருமனோடு இறுதிவரை நடந்த நாயையும், பைரவரின் வாகனத்தையும் எடுத்துக்காட்டுவதும் மரபு. நான் எழுதப்போவதோ வேகத்தைப் பற்றி; அந்த வேகத்தோடு ஒரு நெசவாளர் வீட்டில் வாழ்வதைப் பற்றி; அதனால் நான் பட்ட கடனைப் பற்றி.

அம்பு வந்த கதை

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியது எங்கள் தாமல். பெரிய ஏரியும், பழைய கோயில்களும், தறிச் சத்தமும் உள்ள ஊர். என் தந்தையார் பட்டு நெசவாளர். வீட்டின் முன்னறையில் குழித்தறி. அதற்குப் பின்னால் மிஞ்சிய இடத்தில்தான் ஆயா, அம்மா, அக்கா, நான் எல்லோரும். இப்படிப்பட்ட வீட்டில் நாய்க்கு எங்கே இடம்?

2021-ஆம் ஆண்டு ஆடி மாதம். லாரி ஓட்டும் என் பெரியப்பா கோவில்பட்டிப் பக்கம் சரக்கு ஏற்றச் சென்றவர், ஊர் திரும்பியபோது ஒரு பிரம்புக் கூடையை எங்கள் திண்ணையில் வைத்தார். உள்ளே மான் நிறத்தில், எலியைவிடச் சற்றுப் பெரியதாக ஓர் உருவம் சுருண்டு கிடந்தது. "சிப்பிப்பாறைக் குட்டி. நாற்பத்தஞ்சு நாள் ஆவுது. பையன் படிக்கிற நேரத்துக்குத் துணையா இருக்கட்டும்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தறியில் உட்கார்ந்தவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாடாவை வீசினார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

குட்டி முதல் வாரம் முழுவதும் தறிக்குழியில், அப்பாவின் கால் மிதிக்கும் கட்டைக்கு அருகிலேயே உறங்கியது. மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் கொல்லையில் காக்கையைத் துரத்தியது. வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆயா, "இன்னாடா இது, வில்லுல வுட்ட அம்பாட்டம் போவுது!" என்றார். அன்று முதல் அதன் பெயர் அம்பு.

வேகத்தின் இலக்கணம்

பெயர் வைத்த பிறகுதான் அந்த இனத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். உலகில் மிக விரைவாக ஓடும் நாய் கிரேஹவுண்ட். அதன் உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரை எட்டும். 2009-இல் பெர்லின் நகரில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலகை வியக்க வைத்தாரே உசைன் போல்ட், அவருடைய உச்ச வேகமே மணிக்கு 44 கிலோமீட்டர் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்! அரபு நாட்டுப் பாலைவனங்களில் வளர்ந்த சலூகி கிரேஹவுண்டுக்குச் சளைத்ததன்று. 1996-இல் மணிக்கு 68.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. தொலைதூர ஓட்டத்தில் சலூகியே மேல் என்பர். கிரேஹவுண்டின் தம்பி எனத் தகும் விப்பட், உருவில் சிறியதாயினும் 55 கிலோமீட்டர் வரை ஓடும்.

இவற்றை எல்லாம் பார்வை வேட்டை நாய்கள் என்று ஒரு குடும்பமாகச் சொல்வார்கள். மற்ற வேட்டை நாய்கள் மோப்பத்தால் இரையைத் தேடும். இவை கண்ணால் கண்டு துரத்தும். அந்தக் குடும்பத்தின் தமிழ்நாட்டுக் கிளைகளே சிப்பிப்பாறையும் கன்னியும். சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டம் சாத்தூர்ப் பக்கத்து ஊரின் பெயர். அந்தக் கரிசல் பூமியில் ஒளிய மரமில்லை, மறைய மலையில்லை. முயல் கண்ணில் பட்டால் அதை ஓடித்தான் பிடிக்க வேண்டும். நிலம் எப்படியோ நாயும் அப்படி. மேல் கருப்பும் கீழ் செம்பழுப்புமாக இருப்பது கன்னி. வெளிர் நிறத்தில் இருப்பதைப் பால்கன்னி என்பார்கள். திருமணத்தில் பெண்ணோடு சீராக அனுப்பியதால் கன்னி என்ற பெயர் வந்ததென்று அந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு. கர்நாடகத்து முதோல் நாயும் இவற்றுக்கு உறவே.

ஓட்டத்தின் நுட்பத்தை நான் கண்ணால் கண்டது எங்கள் ஏரியில்தான். சித்திரை, வைகாசியில் நீர் வற்றியபின் ஏரியின் உட்பகுதி ஆடுகளம் போல் விரிந்து கிடக்கும். விடியற்காலையில் அம்பை அங்கே அவிழ்த்து விடுவேன். முதலில் பூனைபோல் நடக்கும். பிறகு தூரத்தில் ஏதேனும் அசையும். அசைந்தது காற்றில் பறந்த காகிதமாகக்கூட இருக்கலாம். அவ்வளவுதான், முதுகு வில்லாக வளையும், பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி முன்னே வந்து ஊன்றும், உடல் முழுவதும் நீண்டு ஒரு கோடாகும்.

குதிரை பாயும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒருமுறைதான் நான்கு கால்களும் தரையைவிட்டு எழும். இந்த நாய்களுக்கோ ஒரே பாய்ச்சலில் இரண்டு முறை எழும்: உடல் குறுகும்போது ஒருமுறை, உடல் நீளும்போது ஒருமுறை. சிறுத்தைக்கும் இதே முறைதான். பாதி நேரம் அது ஓடவில்லை, பறக்கிறது என்றே சொல்லலாம். நீண்ட வால் திசைதிருப்பும் துடுப்பு. ஆழ்ந்த மார்புக்கூட்டுக்குள் பெரிய இதயமும் நுரையீரலும். கிரேஹவுண்டின் இதயம் அதே எடையுள்ள பிற நாய்களின் இதயத்தைவிடப் பெரியது. குருதியில் சிவப்பணுக்களின் அளவும் கூடுதல். தேவையில்லாத கொழுப்பு உடலில் ஒட்டுவதேயில்லை. பால்காரர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

ஆனால் இந்த ஓட்டம் நெடுநேரம் நீடிப்பதன்று. இரண்டு மூன்று பாய்ச்சல் சுற்றுகள். அதன்பின் நாக்கு வெளியே தொங்க என் காலடியில் வந்து விழும். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே வெயில் ஏறியபின் ஓடவிடுவது கொலைக்கு ஒப்பாகும்.

வீட்டில் ஒரு சோம்பேறி

இவ்வளவு வேகமான நாய் வீட்டை இரண்டாக்கிவிடும் என்றுதான் அம்மா அஞ்சினார். நடந்ததோ வேறு. அம்பைப் போன்ற சோம்பேறியை எங்கள் தெருவே கண்டதில்லை. காலையில் ஓடிவிட்டு வந்தால் பகல் முழுவதும் உறக்கம். தறிச் சத்தம் அதற்குத் தாலாட்டு. தறி நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்க்கும். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளை வளர்க்கும் மேல்நாட்டவரும் இதையே சொல்கிறார்களாம்: பகலெல்லாம் மெத்தையில் உறக்கம், மாலையில் சிறு நடை, அதற்குமேல் ஒன்றும் வேண்டாமென்று.

உணவும் எளியதே. கேழ்வரகுக் கூழ், மோர், இரண்டு நாளுக்கொரு முறை முட்டை, ஞாயிறன்று கறிக்கடைத் துணுக்கு. ஓட்டத்திற்கு முன் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. ஓடி வந்து இளைப்பு ஆறியபின்தான் கலம் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது. கொழுப்பும் அடர்ந்த மயிரும் இல்லாத உடம்பாதலால் மார்கழிக் குளிரைத் தாங்காது. ஆயா தம் பழைய கண்டாங்கிச் சேலையை நான்காக மடித்துத் தைத்து ஒரு போர்வை செய்து கொடுத்தார். அதைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்பைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் "கிழவி, கிழவி" என்று கூவுவார்கள். அம்பு கண்டுகொள்ளாது.

ஒன்று மட்டும் கடினம். துரத்தத் தொடங்கிவிட்டால் அதன் செவி மூடிக்கொள்ளும். பெயர் சொல்லி அழைத்தாலும், சீழ்க்கை அடித்தாலும், தட்டைத் தட்டினாலும் பயனில்லை. கண் எதைக் கண்டதோ அது ஒன்றே உலகம். நெடுஞ்சாலை அருகில் இருக்கும் ஊரில் இது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அப்பா ஒரே ஒரு சட்டம் வைத்தார்: "ஏரிக்குள்ள தவிர வேற எங்கயும் கயித்தை அவுக்கக் கூடாது."

அந்தச் சட்டத்தை நான் மீறினேன்.

தை மாதத்து ஒரு காலை

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டு. தாமலிலிருந்து காஞ்சிபுரம், அங்கே பேருந்து மாறிக் கல்லூரி என்று நாள்தோறும் பயணம். புதிய நண்பர்களிடம் அம்பின் புகழைப் பாடிப் பாடி வைத்திருந்தேன். ஏரிக்கரையில் மோட்டார் சைக்கிள் ஐம்பது காட்டும்போது அம்பு அதை முந்திவிட்டது என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. 2024-ஆம் ஆண்டு தைப்பொங்கல் விடுமுறை முடியும் நாளில் இருவர் எங்கள் வீட்டிற்கே வந்துவிட்டார்கள். ஏரி அப்போது நிரம்பியிருந்தது. "தெருக்கோடி வரைக்கும் ஒரு ஓட்டம் காட்டேன்" என்றார்கள்.

காலை ஏழு மணி இருக்கும். எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டு மாமா பாவு விரித்திருந்தார். பட்டு நெசவு தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகளின் தொகுதியே பாவு. அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, கையால் நீவி, இழைக்கு இழை ஒட்டாமல் பிரித்து உலர்த்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. குடும்பமே இருபுறமும் நிற்கும். பாவு விரித்த தெருவில் சைக்கிளில் வருபவரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். மாமா விரித்திருந்தது மூன்று சேலைக்கான பாவு, அரக்கு நிறம். சங்கத்தில் கணக்கு வைத்து வாங்கி வந்த பட்டு.

பாவு தெருவின் இடக்கோடியில் இருந்தது. நான் அம்பை வலப்பக்கம் திருப்பி நிறுத்திக் கயிற்றை அவிழ்த்தேன். எதிர்த்திசைதானே என்ற துணிச்சல். அந்த நேரம் பார்த்துப் பின்புறத்துத் திண்ணையிலிருந்து ஒரு பூனை குதித்தது.

அம்பு திரும்பியதை நான் பார்க்கவில்லை. திரும்பிவிட்டதைத்தான் பார்த்தேன். பூனை பாவுக்கு அடியில் நுழைந்து போய்விட்டது. அம்பு அடியில் நுழையவில்லை, ஊடே புகுந்தது. கட்டியிருந்த கோல்கள் சாய்ந்தன. மாமி அலறினார். மறுகணம் அரக்குப் பட்டுக்கு நடுவில், வலையில் சிக்கிய மான்போல அம்பு துள்ளிக்கொண்டிருந்தது. முறுக்கேறிய பட்டு இழை எளிதில் அறாது. துள்ளத் துள்ள அது பின்தொடையில் இறுகியது. மெல்லிய தோல் கிழிந்து இரத்தம் பாவில் சொட்டியது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கால் எழவில்லை. மாமாதான் ஓடி வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முழந்தாளிட்டு அம்பின் கழுத்தை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "கத்திரி கொண்டாங்கடா, சீக்கிரம்! இழுத்தா சதையே அறுந்துடும்" என்று கத்தினார். மாமி கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு ஒரு நொடி தயங்கினார். அந்தத் தயக்கத்தின் பொருள் நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும். மாமா அதைப் பிடுங்கி, தம் பாவைத் தாமே வெட்டினார். இழை இழையாக அல்ல, கொத்துக் கொத்தாக.

கால்நடை மருத்துவமனையில் அம்புக்கு ஏழு தையல் போட்டார்கள். மருத்துவர் மயக்க மருந்தை மிகக் கவனமாக அளந்தார். இவ்வகை நாய்களின் உடலில் கொழுப்பு குறைவு. சில மயக்க மருந்துகள் மற்ற நாய்களைவிட இவற்றை நெடுநேரம் வீழ்த்திவிடும் என்று விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். என் மனம் அங்கில்லை. அரக்குப் பட்டிலேயே இருந்தது.

பிணைத்த இழைகள்

அன்று பகலும் இரவும் எங்கள் இரு குடும்பங்களும் மாமா வீட்டில் உட்கார்ந்து அறுந்த இழைகளைப் பிணைத்தோம். அப்பா, அம்மா, அக்கா, கண் மங்கிய ஆயாகூட. என்னோடு வந்த நண்பர்கள் இருவரும் வீட்டிற்குப் போக மறுத்து, நூலைப் பிடித்துக்கொள்ளும் வேலையைச் செய்தார்கள். பிணைக்க முடிந்தவற்றைப் பிணைத்தோம். ஆயினும் மூன்று சேலைக்கான பாவில் இரண்டு சேலைதான் தேறும் என்றாயிற்று.

நள்ளிரவில் என்னால் தாங்க முடியவில்லை. "மாமா, நாயைத் திருப்பிக் கொடுத்துடறோம்" என்றேன். அவர் கையிலிருந்த இழையை முடிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "நாயி இன்னா பண்ணும்? அதுக்குப் பூனை தெரியும், பாவு தெரியாது. உனக்குப் பாவு தெரியுமில்ல?" என்றார். அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு பேர் முன்னிலையில் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

அடுத்த வாரமே வெளியூர்க்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து அம்பை விலைக்குக் கேட்டார். சொன்ன தொகை எங்கள் கடனுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. "ராத்திரியில முயலுக்கு விட நல்ல நாய் தேடறேன்" என்றார். முயல் வேட்டை சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயலுக்கும் உண்டு. அது மட்டுமன்று, இருட்டில் முள்ளிலும் கல்லிலும் விரட்டப்படும் நாய் எத்தனை நாள் நிலைக்கும்? அப்பா என்னைப் பார்த்தார். "நாயி உன்னுது, கடனும் உன்னுது. நீயே சொல்லு" என்றார்.

நான் விற்கவில்லை. அதற்கு விலையாக, கல்லூரி விட்டு வந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் மாமாவின் தறியில் கரைக்குத் துணையாளாக உட்கார்ந்தேன். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வைத்துக் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஓரத்தில் நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கொடுக்கும் கூலியை மாமா எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு முழுச் சேலையின் நட்டம் கழிய வைகாசி வரை ஆயிற்று. வீட்டில் தறி இருந்தும் அதுவரை நான் நெசவைக் கற்றதில்லை. அம்புதான் என்னைத் தறியில் உட்கார வைத்தது!

நாடறிந்த நாய்கள்

நம் நாட்டு நாய்களுக்கு இப்போது நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டு அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் இராஜபாளையம் நாயும் முதோல் நாயும் இடம்பெற்றன. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களைச் சொன்னார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் சிப்பிப்பாறையையும் இராஜபாளையத்தையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. பெயர் பரவப் பரவ, வாங்குவோரும் பெருகினார்கள். வாங்குவோர் எல்லாரும் வளர்ப்போர் ஆவார்களா? சென்ற ஆண்டு காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தருகே ஒரு கன்னி நாய், கழுத்தில் அறுந்த கயிற்றோடு குப்பைத்தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதன் வேகத்தைக் கண்டு ஆசைப்பட்டவர், அந்த வேகம் ஓடுவதற்கு ஒரு வெளி வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

மேல்நாடுகளிலும் இதே கதைதான். 1926-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கிரேஹவுண்ட் பந்தயத் திடல் தொடங்கியபோது, இயந்திர முயலின் பின்னே நாய்கள் ஓடுவதைக் காணக் கூட்டம் அலைமோதியது. காலப்போக்கில் பந்தயத்தில் கால் ஒடிந்த நாய்களையும், வேகம் குறைந்ததும் கைவிடப்பட்ட நாய்களையும் மக்கள் எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பந்தயத்திற்குப் பெயர்போன ஃபுளோரிடா மாநிலத்து மக்கள் 2018-இல் வாக்களித்து அதை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். வேகத்தை வேடிக்கை பார்ப்பது எளிது. வேகத்தைப் பேணுவது அரிது. இதை நான் ஃபுளோரிடாவிலிருந்து அறிந்துகொள்ளவில்லை. எங்கள் தெருவிலேயே அறிந்துகொண்டேன்.

வரலாற்று மாணவன் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயும் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்லெழுத்து கூறுகிறது. எத்தனையோ மன்னர்களின் படைத்தலைவர்கள் பெயரின்றி மறைந்தார்கள். ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டு நிற்கிறது! அந்தக் கல்லைச் செதுக்கியவர்கள் நாயை அழகுக்காக வளர்த்தவர்கள் அல்லர். அதனோடு சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த இன நாயை வளர்க்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி யோசனை கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பவை மூன்றே கேள்விகள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆண்டு முழுவதும் எழுந்திருப்பாயா? வேலியோ கரையோ சூழ்ந்த, வண்டி வராத திறந்தவெளி உன் ஊரில் உண்டா? உன் நாய் செய்யும் தவற்றுக்கு நீ கூலிவேலை செய்வாயா? மூன்றுக்கும் 'ஆம்' என்பவன் தாராளமாக வளர்க்கலாம். ஒன்றுக்கேனும் தயங்குபவன், தெருவில் திரியும் நாயொன்றுக்கு நாள்தோறும் ஒரு பிடி சோறிட்டு, தடுப்பூசி போடுவித்தால் அதுவே பெரிய அறம்.

அம்புக்கு இப்போது நான்கு வயது கடந்துவிட்டது. பின்தொடையில் தழும்பு இருக்கிறது. அந்த இடத்தில் மயிர் முளைக்கவேயில்லை. ஓட்டத்தில் குறை தெரியவில்லை. நாள்தோறும் ஐந்து மணிக்குக் கயிற்றோடு கிளம்புகிறோம். ஏரி வற்றிய காலத்தில் ஏரிக்குள், நீர் நிறைந்த காலத்தில் அறுவடை முடிந்த கழனியில். ஆறரை மணிக்குள் வீடு திரும்பி, நடைக்குள் கட்டிவிட்டுத்தான் நான் பல் துலக்குவேன்.

மூன்றாம் வீட்டு மாமா பாவு விரிக்கும் நாட்களில் எங்கள் வாசலுக்கு வந்து ஒரு குரல் கொடுப்பார்.

"அம்பு வந்தாச்சா?"

"வந்தாச்சு மாமா. கட்டிட்டேன்."

"அப்ப விரிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். போகும்முன் உள்ளே எட்டிப் பார்த்து, அம்பின் தலையை ஒருமுறை தடவிக் கொடுப்பார். அம்பு கண்ணைத் திறவாமலே வாலை இரண்டு முறை தரையில் தட்டும். சிறிது நேரத்தில் தெருவில் கோல் ஊன்றும் ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்ட பிறகுதான் நான் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் புறப்படுகிறேன்.